இரைச்சல் இல்லாத பதினோரு நிமிடம்

நாளைக் காலை ஏழு மணிக்கு வதீஹின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அறுபது வாக்கியங்களைப் பேசிப் பதிந்து கொண்டுவரச் சொல்லி மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அப்புறம் கையடக்கக் கருவி ஒன்றில் பொத்தானை அமுக்கினால் அவன் குரலே பேசுமாம். மூன்று வாரமாகப் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தட்டிக்கழித்த மனுஷன் இன்று மதியம்தான் மைக் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

உட்கார்ந்த நேரம் பார்த்து அவன் மனைவி நுஹாவின் ஹெட்ஃபோனில் ‘ங்ங்ங்’ என்று ஓர் இரைச்சல்.

இந்தப் படுக்கையறை மூலையில் பதினைந்து வருடமாக வானொலி விளம்பரங்களுக்குக் குரல் பதிந்து கொடுப்பவள் அவள். ஊரார் குரலையெல்லாம் பளிச்சென்று பதிந்தவளுக்குச் சொந்தப் புருஷன் பேசும்போதா இந்தச் சனியன் வந்து தொலைய வேண்டும்?

“இன்னொரு தடவை சொல்லு.”

“ஜன்னலைச் சாத்து,” என்று தாளிலிருந்து படித்தான் வதீஹ்.

“இன்னொரு தடவை.”

“பெய்ரூட்ல எல்லாரும் ஜன்னலைச் சாத்திட்டாங்க. நீதான் பாக்கி.” சிரிக்கப் போய் இருமினான்.

இருமலுக்கு இருமல் குரல் கரகரத்தது. நுஹா மைக் வயரை மாற்றினாள். மைக்கையே மாற்றினாள். இரைச்சல் அசையவில்லை. மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டியின் இரும்பு விளிம்பில் தற்செயலாகக் கை பட்டதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தாள், திரும்ப வந்தது.

“எர்த் இல்ல,” என்றாள். “போன வாரம் அபு ஷர்பல் ஜெனரேட்டர் லைனை மாத்திக் கட்டினாரே, அப்பவே அறுத்து விட்டிருக்காரு.”

“அப்ப நீ அதைப் பிடிச்சுக்கிட்டே நில்லு. நானும் நிம்மதியா இருப்பேன்.”

அவள் சிரிக்கவில்லை. மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். இரைச்சல் சட்டென்று நின்றது. திரையின் மூலையில் பதினோரு நிமிடம் என்று காட்டியது பழைய பேட்டரி. ஆனால் இப்போது வேறொன்று கேட்டது. தெருவில் டீசல் ஜெனரேட்டர் கிடந்து உறுமுவது, ஜன்னல் சாத்தியிருந்தும், மைக்கில் துல்லியமாக விழுந்தது.

தெருவுக்கே ஜெனரேட்டர் மின்சாரம் விற்கும் அபு ஷர்பலை ஃபோனில் பிடித்தாள்.

“அண்ணே, ஒரு கால் மணி நேரம் மிஷினை நிறுத்துங்க.”

“என்னம்மா சொல்றே? ஏன் போடலைன்னு திட்டத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. தெருவே என்னை உரிச்சுடும்.”

“வதீஹுக்கு நாளைக்கு ஆபரேஷன். இன்னிக்கு விட்டா அவர் குரல் இல்ல அண்ணே.”

அவர் ஃபோனை வைத்தார். பிறகு உறுமல் அடங்கியது. எதிர் மாடியிலிருந்து ஒருத்தி அபு ஷர்பலின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியதுகூட இரண்டு நிமிடத்தில் ஓய்ந்தது.

“ஆரம்பி.”

‘தண்ணி வேணும்.’ ‘வலிக்குது.’ ‘விளக்கை அணை.’ வதீஹ் தாளைப் பார்த்து வரிசையாகச் சொன்னான். நுஹா ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைப் பேட்டரியிலும் வைத்திருந்தாள். இந்தப் பேட்டரி இரண்டு சதவிகிதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். நிறுத்திச் சேமிக்காவிட்டால் அத்தனையும் போச்சு.

ஐம்பத்திரண்டாவது வாக்கியத்தில் அவன் தாளைக் கீழே வைத்தான்.

“இத்தனை நாள் நான் ஏன் உட்காரலைன்னா…”

மூன்று சதவிகிதம். அவள் நிறுத்தினாள். சேமிப்புக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிந்த கையோடு திரை இருண்டது.

“நான் பேசிக்கிட்டிருந்தேன்,” என்றான். குரல் முக்கால்வாசி காற்றாகிவிட்டிருந்தது.

நுஹா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். மதியம் முழுக்க அவன் பேச்சுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்றே கேட்டிருக்கிறாள், அவனைக் கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சொல்லு.”

“தாள்ல தண்ணி இருக்கு, மருந்து இருக்கு. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒண்ணுமில்ல. அதை நினைச்சுத்தான் உட்காரல.”

அவள் கை ஃபோனைத் தேடியது. அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேண்டாம். பதியாதே. நீ கேளு. நுஹா.”

“ம்.”

“நுஹா.”

“இங்கதான் இருக்கேன்.”

குரல் தீரும்வரை அவன் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் அவள் பதில் சொன்னாள்.