நோய் தொடாத செடி

தாரகா வாசலில் நின்று செம்பால் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். தகனம் முடிந்து கிரிமற்றோரியத்திலிருந்து திரும்பிய சனம் குட்மேய்ஸ் வீட்டுப் படியில் கை கால் கழுவி உள்ளே வந்தது. சப்பாத்தைக் கழற்ற மனமில்லாதவர்கள் கையை மட்டும் நனைத்தார்கள். இறந்தவர் அவளுடைய அண்ணன் ஆனந்தராஜா.

அவள் வேலை செய்த ஆய்வுகூடத்தில் மிளகாய்ச் செடியை வைரஸிலிருந்து காக்கப் புது வழி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வைரஸின் ஆர்.என்.ஏ.யில் ஒரு துண்டைச் செய்து இலையில் தெளித்தால், பிறகு வரும் வைரஸைச் செடி தானே வெட்டிப் போட்டுவிடும். ஆனால் நோய்க்கு முந்தித் தெளிக்க வேண்டும். சில நாளில் பலனும் போய்விடும். நோய் வந்த பிறகு அது வெறும் பச்சைத் தண்ணீர்.

அண்ணனின் ஈரலில் புற்றுநோய் முற்றியபோது, அவருடைய கண்ணாடி அறையில் மிளகாய்ச் செடிகளும் வைரஸ் பிடித்து இலை வெளிறிச் சுருண்டன. ஒன்றுதான் தப்பியிருந்தது.

"எனக்குப் பிந்திப்போச்சு எண்டிட்டாங்கள். அதுக்காவது முந்தி அடியன் பிள்ளை. விதை எடுக்கிற மட்டும் காப்பாத்து."

"ஓம் அண்ணை."

அண்ணனுக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. செடிக்காவது இருந்தது. அந்த நோய் கைபட்டுப் பரவுவது என்பதால், அதை மேலறை ஜன்னலில் தனியே வைத்து, கையுறை போட்டு மருந்தடித்தாள். கடைசிக் கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் போனதால் அடிக்கவில்லை. இன்றைக்கு அடிக்கவென்று போத்தல் ஃபிரிட்ஜில் இருந்தது.

கடைசி ஆளும் உள்ளே போனதும் போத்தலோடு மேலே ஓடினாள். ஜன்னலில் செடி இல்லை.

"கீழ கொண்டுபோய் மற்றதுகளோட வச்சிட்டன்," என்றார், சமையலுக்கென்று வீட்டில் நின்ற கனகவல்லி மாமி. "பாவம், தனிய நிண்டுது. உன்ர அண்ணையின்ர செடியெல்லோ. எல்லாத்திலயும் பழுதான இலையை நுள்ளிப்போட்டு, இதின்ர நுனியையும் கிள்ளி விட்டனான். இனி நல்லாச் சடைக்கும்."

அழுதழுது மாமியின் முகம் வீங்கியிருந்தது. விரல் நுனியெல்லாம் பச்சை. அன்றைக்கு அந்த வீட்டில் கை கழுவாதவர் அவர் ஒருவர்தான்.

கத்த வேண்டும் போலிருந்தது. மாமியைப் பார்த்து எப்படிக் கத்துவது?

"ஓம் மாமி," என்றாள். "நல்லது."

கண்ணாடி அறையில் அந்தச் செடியின் முன்னால் குந்தினாள். கிள்ளிய இடத்தில் ஈரம் கசிந்திருந்தது. போத்தலைக் குலுக்கி, இலை இலையாக, மேலும் கீழும் தெளித்தாள். இலைகளிலிருந்து சொட்டத் தொடங்கியும் நிறுத்தவில்லை.

"காணும் பிள்ளை, போதும்," என்றார் மாமி பின்னாலிருந்து. "தண்ணி கூடிப்போகும்."