சரக்கறையில் உட்கார்ந்தவள்

அந்தக் கப்பலின் மூன்றாம் சரக்கறையிலிருந்து பதினோரு வருடமாகச் சிமெண்ட் இறக்கியும் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. துறைமுகத்தில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை, தாமதம் என்றுதான் சொன்னார்கள். கிரேன் வலையில் எத்தனை மூட்டை மேலே போனதோ அத்தனையும் கீழே திரும்ப முளைத்தன. சரக்குக்குச் சொந்தக்காரர் முதல் வருடம் வாயெல்லாம் பல்லாக வந்து போனார். மூன்றாம் வருடம் கையெடுத்துக் கும்பிட்டு, போதும் என்றார். சிமெண்ட் மண் விலைக்கு வந்துவிட்டது. ஊரில் நாய்க்குக்கூட மாடி வீடு கட்டினார்கள். அந்த மூட்டைகளை இறக்கும் சுமைக்காரக் கும்பலின் மேஸ்திரி வீடு மட்டும் தகரக் கூரையோடு அப்படியே நின்றது, ஏனென்றால் அவருக்குக் கட்ட நேரமில்லை.

தப்பு அவருடையதுதான். சுமைக்காரர்கள் யாரும் கடைசி மூட்டையைக் கடைசி என்று சொல்ல மாட்டார்கள். அறையில் ஒன்றே ஒன்று கிடந்தாலும் "அடுத்தது" என்றுதான் குரல் கொடுப்பார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த நாளில் மேஸ்திரிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இந்தக் கப்பலோடு ஓய்வு, இனிமேல் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில், "கடைசி மூட்டைடா, தூக்கு!" என்று கத்திவிட்டார். தூக்கியவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அறை கூரை வரைக்கும் நிறைந்திருந்தது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலயா மேஸ்திரி?" என்றார்கள் அவருடைய ஆட்கள். ஒரு சரக்கறையைத் திறந்த கும்பல்தான் அதைக் காலி செய்து மூட வேண்டும் என்பது துறைமுக வழக்கம். வேறு கும்பல் கை வைக்காது. மூடாதவரை ஓய்வும் கிடையாது. அதிகாரிகள் வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். சீக்கிரமாம்! நடுவில் இரண்டு கிரேன்கள் துருப்பிடித்து விழுந்தன, கப்பல் தலைவருக்கு முடி நரைத்தது, மேஸ்திரியின் இருமலில் சாம்பல் நிறத் தூள் வந்தது.

வீட்டில் அவர் மனைவி தினமும் இரண்டு தட்டு வைத்து, ஒன்றை மூடி வைத்தாள். அவர் வந்து கை கழுவுவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவார். ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. வாசல் காவலர் "அம்மா, பாஸ் இல்லாம உள்ள போகக் கூடாது" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கப்பலில் ஏறி, இரும்பு ஏணியில் இறங்கி, அவர் முன்னால் நின்றாள்.

"எங்க, தூக்குங்க பாக்கலாம் அந்த மூட்டைய."

அவர் தூக்கினார். அது கிடந்த இடத்தில் அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். புது மூட்டை முளைக்கவில்லை. அடுத்ததைத் தூக்கினார்கள், அந்த இடமும் காலியாகவே இருந்தது. கடைசி என்ற சொல் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். நான்காம் நாள் அவ்வளவு பெரிய அறையில் அவள் ஒருத்திதான் மிச்சம். ஒரே ஒரு முறை கால் மரத்துப்போய் எழுந்து நின்றாள், மடமடவென்று நாற்பது மூட்டைகள் வந்துவிட்டன. திட்டிக்கொண்டே திரும்ப உட்கார்ந்தாள், அந்த நாற்பதையும் இறக்கினார்கள்.

அதிகாரி வந்து, அறை காலி, மூடியைப் போட்டுவிட்டுக் கப்பலை அனுப்புங்கள் என்றார். மேஸ்திரி கீழே எட்டிப் பார்த்தார்.

"எழுந்து வா, போவோம். வர்றது வரட்டும்."

"எழுந்தா இன்னும் பதினோரு வருஷம். உங்க இடுப்பு தாங்குமா?"

அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தன் ஆட்களிடம் எறிந்துவிட்டு ஏணியில் இறங்கினார். அவர்கள் காற்றுக்கு ஒரு முழம் இடம் விட்டு மேலே மூடியை இழுத்தார்கள். கப்பல் கிளம்பியது. சமையல்காரரிடம் இரண்டு பேருக்குக் கூடுதலாகப் போடச் சொன்னார் கப்பல் தலைவர். மத்தியானம் கயிற்றில் சாப்பாடு இறங்கியது, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பதினோரு வருடக் கோபம் அவளுக்கு அப்படியே இருந்தது. அவருடைய தட்டு காலியானதும் கேட்காமலே இன்னும் கொஞ்சம் போட்டாள்.