ஞாவல் கறை

அனந்தலக்ஷ்மி டீச்சர் பாடம் நடத்தினால் கல்லும் கரையும். அந்த வருஷம் பிளஸ் ஒன் இங்கிலீஷில் டிரான்சென்டென்டலிசம் வந்திருந்தது. பெயர்தான் வாயில் நுழையாதே தவிர விஷயம் எளிது. மரத்துக்குள்ளும் மழைக்குள்ளும் மனுஷனுக்குள்ளும் ஓடுவது ஒரே உயிர். அதைத் தெரிந்துகொள்ளப் போய்ப் பார்த்தால் போதும் என்று சொன்ன பழைய அமெரிக்கக்காரர்களின் பாடம். டீச்சர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவாள். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான், வினையே அதுதான்.

வீட்டுப்பாடமும் கொடுத்தாள். ஆளுக்கொரு மரமோ குளமோ பார்த்துக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும்.

"பாத்ததை அப்படியே எழுதணும். அழகுபடுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. திங்கட்கிழமை கிளாஸ்ல எல்லாரும் வாசிக்கணும்."

பாறசாலைப் பக்கத்துப் பெண் லிபி, பள்ளிக்கூட முற்றத்து ஞாவல் மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். நம் நாவல்மரம்தான், மலையாளத்தில் ஞாவல். வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள். வீட்டில் பேசுகிற தமிழை அவள் பள்ளியில் பேசுவது டீச்சரிடம் மட்டும்தான்.

"டீச்சர், மரத்துல மேல ஒரு பொந்து இருக்கு. பச்சையா ஒரு பறவை குஞ்சு பொரிச்சிருக்கு. பேரு அறியாது. முதல்ல என்னைக் கண்டா பறந்திரும். இப்ப பேடியே இல்ல, பயப்படாம நான் இருக்கும்போதே பழம் ஊட்டுது!"

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை அந்த மரத்தை வெட்டப் போகிறார்கள். வெட்டச் சொன்ன புண்ணியவதி அவளேதான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஆபத்தான மரங்களை வெட்டுவது பள்ளியில் வழக்கம். எதையெல்லாம் வெட்டலாம் என்று மீட்டிங்கில் பிரின்சிபால் ஸ்ரீகுமார் கேட்டபோது, "அந்த ஞாவல் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு சார்" என்றாள். சாயவும் இல்லை, மண்ணும் இல்லை. அதன் நிழலில்தான் அவளுடைய புது வெள்ளைக் கார் நிற்கும். பழம் விழுந்து பானட் முழுக்க ஊதாக் கறை. கறையைத்தான் பார்த்தாளே தவிர, ஒருநாளாவது நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாளா? கிடையாது.

"ரொம்ப நன்னா பாத்திருக்கே" என்று லிபியை அனுப்பிவிட்டாள். பிரின்சிபால் அறை எதிரில்தான். போனால், அன்றைக்குச் சொன்னது பொய் சார் என்று சொல்ல வேண்டும். நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்ரீவராகத்து வீட்டில் அன்றிரவு சோறு இறங்கவில்லை. கணவர் பட்டாபி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்தார்.

"அசடே, ஒரு போனைப் பண்ணேன். பட்சி கூடு கட்டியிருக்குன்னு சொல்லேன்."

"வாங்கோ டீச்சர், போய்ப் பாக்கலாம்பார். நிமிர்ந்து நிக்கற மரத்தைப் பாத்தா என் முகரையை எங்கே கொண்டு வச்சுக்கறது?"

"அப்போ?"

"காலம்பற நேர்ல சொல்லிக்கறேன்."

காலையில் நேராகப் போயிருக்கலாமே! தைரியம் வேண்டும் என்று பழவங்காடியில் இறங்கினாள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க. சனிக்கிழமைக் கூட்டம், வரிசை நகரவே இல்லை. வெட்கங்கெட்ட வேண்டுதல்தான்: மரமும் பிழைக்கணும், என் பேரும் கெடக்கூடாது. தேங்காய் நன்றாகவே சிதறியது.

பள்ளி கேட்டில் நுழையும்போதே மெஷின் வாள் சத்தம் ஓய்ந்திருந்தது. மரம் முற்றம் நிறையக் கிடந்தது. மரம்வெட்டி ஷிஜு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைய பொழுதுக்கு மரத்தோடு உட்கார வந்த லிபி, துப்பட்டாவுக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள். குஞ்சு. அதற்கு உயிர் இல்லை. கரண்டுக் கம்பியில் தாய்ப்பறவை ஓயாமல் கத்தியது.

"டீச்சர், மரம் சாஞ்சிருக்குன்னு யாரோ சொன்னாங்களாம், ஷிஜு அண்ணன் சொன்னாரு. சாயவே இல்லல்லா? நான் தினமும் பாத்தேனே. யாரு டீச்சர் அப்படிச் சொன்னது?"

தெரியாது என்றால் போதும், அவள் நம்பிவிடுவாள். அப்படி நம்புகிற முகம்தான் டீச்சரைக் கொன்றது.

"நான்தான் லிபி. கார்ல கறை படறதுன்னு பொய் சொன்னேன். நேத்திக்கே நிறுத்தியிருக்கலாம். பயந்துட்டேன்."

லிபி அழவில்லை. வெள்ளைக் காரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த குஞ்சை.

"அப்ப இதையும் எழுதணுமா டீச்சர்? மறைக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்லா?"

"எழுது. திங்கட்கிழமை முதல்ல நீதான் வாசிக்கணும்."

லிபி தலையாட்டினாள். குஞ்சை ஈர மண்ணில் புதைத்துவிட்டு, வெட்டுண்ட அடிமரத்தின் மேல் வந்து உட்கார்ந்தாள். போனைப் பைக்குள் போட்டாள். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.