எந்தப் பால், அக்கா?

நான் ஷாஃபி. ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுப்பவன். என் அத்தா டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அதனால் பால் என்றால் எனக்குத் தெரிந்தது தேத்தண்ணியில் ஊற்றும் பால் ஒன்றுதான். தொழிற்சாலையிலும் ரப்பர் பாலை எல்லாரும் லேட்டக்ஸ் என்றே சொல்வோம். நான் செய்த முட்டாள்தனத்துக்கு இதைவிட நல்ல சாக்கு என்னிடம் இல்லை.

மார்ச் மாதம் சரளா அக்கா வேலை கேட்டு வந்தார். நாற்பத்தெட்டு வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம்.

“முன்ன என்ன வேல பாத்தீங்க?”

“பால் வேலதான் சார். இருவத்தஞ்சு வருசம். விடியக்காலம் வாளியத் தூக்கிட்டுப் போயிருவோம். ஒரு நாளைக்கு அறுநூறு முடிச்சிருவேன்.”

ஒரு பெண்பிள்ளை ஒரே நாளில் அறுநூறு மாடு கறக்க முடியுமா என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. ‘நல்ல உழைப்பாளி’ என்று எழுதிக்கொண்டு, மெஷின் பக்கம் வேலை கேட்டவரைக் கேண்டீனில் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டேன்.

அவர் போட்ட தேத்தண்ணியை அத்தா குடித்திருந்தால் கடையை மூடிவிட்டுப் படுத்திருப்பார். அவ்வளவு மோசம். மூன்று மாதம் புகார் மேல் புகார். கடைசியில், வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிடு என்று மேலிடம் சொல்லிவிட்டது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தோட்டத்து வீட்டையும் காலி செய்துவிட்டு வந்தவர். இந்த வேலையும் போனால் வாடகை அறையும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை கடிதத்தோடு கேண்டீனுக்குப் போனேன். அக்கா பின்வாசலிலிருந்து ஓடி வந்தார்.

“சார்! பால் கெட்டுப் போச்சு! எறக்க விடாதீங்க!”

ஐஸ்பெட்டியைத் திறந்து பாலை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். “நல்லாத்தானே இருக்கு அக்கா.”

“இந்தப் பால் இல்ல, லோரில வந்த பால்!”

“பால் லோரி செவ்வாக்கெழமதானே வரும்லா?”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நகருங்க தம்பி” என்றார். சார் தம்பியாகிவிட்டேன்.

வெளியே லேட்டக்ஸ் லோரி நின்றிருந்தது. டிரைவர் டேங்கில் குழாயை மாட்டிவிட்டு வால்வில் கை வைத்திருந்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு, வால்வை இறுக்கி மூடி, அதை மறைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் கத்தினார். நான் அவரைவிடப் பெரிதாகக் கத்தினேன்.

“கத்தாம மோந்து பாருங்க. பால் கெடாம இருக்க ஊத்தற அமோனியா வாடையே இல்ல, புளிச்ச வாடதான் அடிக்குது. இத உள்ள விட்டா டேங்குல இருக்கற நல்ல பாலும் கட்டியாயிரும்!”

பரிசோதனைக்கூடத்திலிருந்து தினேஸ்வரி வந்து கொஞ்சம் எடுத்துப் போனாள். அரைமணி நேரம் அக்கா அசையவே இல்லை. திரும்பி வந்தவள் லோரியைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். இறக்கியிருந்தால் மூன்று நாள் எல்லா மெஷினும் நின்றிருக்கும் என்றாள்.

எனக்கு அப்போதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. “அக்கா, தோட்டத்துல எத்தன மாடு வச்சிருந்தீங்க?”

“மாடா? அறுநூறு ரப்பர் மரம் தம்பி!”

தினேஸ்வரி சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

“நாளைலேருந்து டேங்க் பக்கம் வந்துருங்க அக்கா. வர்ற பாலப் பாத்துச் சொல்ற வேல.”

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“ரப்பர அழிச்சு எண்ணெய்க்குச் செம்பன நட்டாங்க, உதிரிப் பழம் பொறுக்குனேன். பொறுக்கறதுக்கு மெஷின் வந்துச்சு, இங்க வந்தேன். மோந்து பாக்கற மெஷின் எப்ப வருது?”

பொய் சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

“ஆறு மாசத்துல வந்துரும் அக்கா.”

“அப்ப நிரந்தர வேலன்னு இன்னிக்கே லெட்டர் அடிங்க. அது சரியா மோக்குதான்னு பாக்க ஒரு ஆள் வேணும்ல?”

அடித்தேன். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தும்வரை அவர் என் அறையை விட்டு நகரவில்லை. மை காயட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் நின்றார்.