அம்பு இல்லாத பக்கம்

"இன்னைக்கு வலது பக்கமா போவோம். நான் முன்னாடி நடக்கிறேன்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். லீவு கேள், சம்பளம் ஏற்றிக் கேள், முன்னாடி நடக்கிறேன் என்று மட்டும் வாயைத் திறக்காதே. அம்மா முதலாளியின் விடுதியில் போர்வை துவைக்கிறாள். அவள் கெஞ்சித்தான் அவருடைய மலையேற்றக் கம்பெனியில் எனக்கு இந்த வேலை. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். புவியியல் பட்டம். அந்தப் பட்டத்துக்குக் கொடுத்த பதவி, வரிசையில் கடைசி ஆள். துணிமேல் மாட்டிக்கொள்ள ஆரஞ்சு நிற மேல்சட்டை, முதலுதவிப் பை, கழுத்தில் விசில். தள்ளாடுகிறவர்களுக்குப் பின்னால் நடந்து, யாரும் தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்னால் நடப்பது முதலாளியின் மச்சான். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். கப்பலைப் படத்தில் பார்த்திருப்பார்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் விருந்தாளிகள் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா இடது பக்கமாத்தானே போறோம். மலை உங்கிட்ட ஏதாவது சொல்லிச்சா?"

"வெயில் காலத்துல மதியம் ஆனா இடி வருது. இடது பக்கமா போனா சாப்பிட்டுட்டு மதியம்தான் முகட்டுல நிப்போம். வலது பக்கமா ஏறினா காலையிலயே முகட்டைத் தாண்டிடலாம். அதே வட்டம்தானே? திருப்பி நடக்கப்போறோம், அவ்வளவுதான்."

"வலது பக்கம் எப்படி இருக்கும் தம்பி?" என்று கேட்டார், முட்டியில் பட்டை கட்டியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர்.

"செங்குத்தா கல்படிம்மா. உங்க முட்டி ஆயுசுக்கும் என்னைத் திட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வானமும் அவர் கட்சிதான். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. கேப்டன் என்னைக் கடந்து போகும்போது குரலைத் தணித்தார். "படிச்ச திமிரைக் கீழயே கழட்டி வச்சிட்டு வா."

இடது பக்கமாகப் போனோம்.

காட்டுக்குள் வெயில் இல்லை, ஆனால் புழுக்கம் உயிரை எடுத்தது. ஓடையைத் தாண்டியதும் தூறல். ரெயின்கோட்டை மாட்டினார்கள். மாட்டி முடித்ததும் வெயில். கழற்றி மடித்துப் பைக்குள் திணித்ததும் மறுபடி தூறல். "இந்த வானத்துக்கு ஒரு முடிவெடுக்கத் தெரியாதா?" என்றார் டீச்சரின் கணவர். "உங்களோட நாப்பது வருஷம் இருந்திருக்கும்போல" என்றார் டீச்சர்.

புல்வெளியில் சாப்பிட உட்கார்ந்தபோது எதிர் மலைக்குப் பின்னால் மேகம் காலிஃப்ளவர் மாதிரி பொங்கிப் பொங்கி எழுந்தது. அடிப்பக்கம் கறுப்பு. நான் கேப்டனிடம் போய்க் கையை நீட்டிக் காட்டினேன்.

"அது அந்தப் பக்கம் போயிடும். இவங்க முகட்டுல போட்டோ எடுக்கத்தான் வந்திருக்காங்க. நீ உன் இடத்துக்குப் போ."

என் இடம் கடைசி. போனேன்.

முகட்டில் கால் வைத்துச் சற்றுத் தூரம்கூடப் போகவில்லை. காற்று நின்றது. டீச்சரின் நரைமுடி சீப்பால் மேலே வாரிவிட்டது போல் எழுந்து நின்றது. அதைப் பார்த்து அவர் கணவர் சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. பிறகு ஆலங்கட்டி. முதுகில் யாரோ கல்லால் அடிப்பது போல.

"முன்னாடி போயிடலாம்! இறங்குற கல்படி பக்கத்துலதான்!" என்று கேப்டன் கத்தினார். கத்தினாரே தவிர, அவர் கால் நகரவில்லை. மழை வந்தால் அந்தப் படி அருவியாகிவிடும் என்று அவருக்கும் தெரியும்.

விசிலை ஊதினேன். "எல்லாரும் திரும்புங்க! என் பின்னாடி வாங்க!"

திரும்பினார்கள். வரிசை திரும்பினால் கடைசி ஆள்தானே முதல் ஆள். காலையில் நான் கேட்டது இப்படித்தான் கிடைக்க வேண்டியிருந்தது. சந்தோஷப்பட நேரமில்லை. மேகம் முகட்டின் மேலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டது. அடுத்த பாறைகூட நிழலாகத்தான் தெரிந்தது. பாறைகளில் அம்பும் இல்லை.

மஞ்சள் பெயிண்டில் எங்கள் கம்பெனி அம்பு போட்டிருக்கிறது. ஏறி வருகிறவர் கண்ணில் படுகிற முகத்தில் மட்டும். திரும்பி இறங்குகிறவருக்கு ஒவ்வொரு பாறையும் வெறும் பாறை. மறுபக்கமும் போடுங்கள் என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே சொன்னேன். முதலாளி கொட்டாவி விட்டார்.

அதனால் இப்படி இறங்கினோம்: அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு நான் முன்னால் தெரிகிற பாறைவரை போவேன். அதைச் சுற்றி அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்ப்பேன். அம்பு இருந்தால் விசில். வருவார்கள். மறுபடி அடுத்த பாறை. ஒரு டப்பா பெயிண்டில் முடிகிற வேலையை நான் நனைந்த ஷூவோடு பாறை பாறையாகச் செய்துகொண்டிருந்தேன்.

"பாறையை ஏம்மா சுத்திச் சுத்திப் பாக்கறே? விலைக்கு வாங்கப் போறியா?" டீச்சரின் பற்கள் குளிரில் தந்தியடித்துக்கொண்டிருந்தன. அப்படியும் கேட்டார்.

ஒரு பாறையைச் சுற்றப் போனேன். காலுக்குக் கீழ் சரளை நழுவியது. உருண்ட கல் எங்கே விழுந்தது என்று சத்தமே வரவில்லை. பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாறையில் அம்பும் இல்லை. தப்பான பாறை. வாயில் வந்த வார்த்தைகளை நல்லவேளை இடி மூடிவிட்டது.

புல்வெளியைத் தாண்டிக் காட்டுக்குள் எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்தபோது பளீரென்று வெயில். பறவைகள் வேறு. ஒன்றுமே நடக்காதது போல. வெயிலோடு கேப்டனின் குரலும் வந்துவிட்டது. என்னைத் தாண்டி முன்னால் போனார்.

"சரியான நேரத்துல திருப்பிட்டேன், பாத்தீங்களா?"

கீழே வந்ததும் எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள். டீச்சர் மட்டும் குலுக்கவில்லை. என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், வேன் ஹாரன் அடித்தது.

ஆபீஸில் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் முகட்டின் போட்டோ, ஆளுயரத்துக்கு. அதில் மேகமே கிடையாது. ஈர ரெயின்கோட்டுகள் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தன. கேப்டன் தன் கதையை முதலாளியிடம் சொல்லி முடித்திருந்தார்.

"நாளைக்கு வலது பக்கமா போகணும், நான் முன்னாடி நடக்கிறேன். மறுபக்கம் அம்பும் போடணும்" என்றேன்.

முதலாளி டீயைக் கீழே வைத்தார். கோபமே இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "திரும்பி வர்றதுக்கு அம்பு போட்டா, திரும்பி வரவேண்டியிருக்கும்னு கஸ்டமர் பயப்படுவான். முதல்லயே படி ஏறச் சொன்னா வேற கம்பெனிக்குப் போயிடுவான். நாளைக்கும் இடதுதான்."

"யாராவது விழுந்தா?"

"அதுக்குத்தானே கடைசில நீ இருக்கே."

கேப்டன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றினேன். ஈரத்தில் கையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உருவி மேஜைமேல் போட்டேன். விசிலையும். டீ கொஞ்சம் சிந்தியது.

"உங்கம்மாவை நெனச்சுப் பாத்துப் பேசு" என்றார் முதலாளி.

மலையில் ஒவ்வொரு பாறையிலும் நினைத்துப் பார்த்துவிட்டேன். அலமாரியின் கீழ்த்தட்டில் மஞ்சள் டப்பா இருந்தது, மேலே காய்ந்த பிரஷ். இரண்டையும் எடுத்தேன்.

"ஏய், அது கம்பெனி பெயிண்டு!"

"தெரியும்."

விடுதி முற்றத்தில் அம்மா மழையில் நனைந்த போர்வைகளை மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். என் மேல் ஆரஞ்சுச் சட்டை இல்லாததைப் பார்த்தாள். கையில் டப்பாவைப் பார்த்தாள்.

"கேட்டுட்டியாடி?"

"ரெண்டு தடவை."

"இப்ப எங்க போறே?"

"வலது பக்கம்" என்றேன், நிற்காமல்.