பெரியகங்காணியின் வண்டி

"எது பனித்தண்ணி, எது வண்டித்தண்ணின்னே தெரியல ஆத்தா" என்றான் ஆண்டியப்பன், வண்டிக்கு அடியிலிருந்து. அவனுடைய கால்கள் மட்டும் சாக்கின் மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விடிந்து இரண்டு மணி நேரமாகியும் இலங்கையின் இறம்பொடை மலையில் மூடுபனி விலகவில்லை. வண்டியின் அடி இரும்பெல்லாம் வியர்த்துப்போய், தொட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது. நடுவில் எங்கேயோ ஒரு துளி மட்டும் பனியில்லாத துளி.

அவன் தங்கை அழகம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்தாள். "ஒரு மாசமா ஒழுகுற வண்டிய இன்னைக்குத்தான் படுத்துப் பாக்குறியாண்ணே?"

"முந்தி பாத்திருந்தா மட்டும்? கங்காணி காதுக்குப் போச்சுன்னா, ஒழுகுறது வண்டியில்ல, டைவரு ஆண்டியப்பன்தான்னு சொல்லுவாரு."

தேயிலை நல்ல விலை போன காலத்தில், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் தோட்டத்துக் கூலிகளுக்கெல்லாம் தலைவரான பெரியகங்காணி சோலைமலை அந்த மோட்டார் வண்டியை வாங்கினார். இப்போது தேயிலை விலையும் விழுந்துவிட்டது, வண்டியும் கிழடாகிவிட்டது. அவர் அதைத் தினமும் துடைக்கச் சொல்வதை மட்டும் விடவில்லை.

அழகம்மாவின் புருஷன் மாயாண்டி கூலிகளின் வரிசை வீடான லயத்தில், தங்கள் காம்பிராவில் படுத்திருந்தான். நாலு நாளைக்கு முன்னால் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கிப் பாதத்தில் இறங்கியிருந்தது. காலையில் வந்த, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டைப் பிரித்தார். பாதம் கருத்துப்போயிருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கணுக்காலுக்கு மேலே சுற்றிலும் ஒரு மைக்கோடு போட்டார்.

"கருப்பு இந்தக் கோட்டத் தாண்டிட்டா கால எடுத்துத்தான் ஆகணும். இன்னைக்கே நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

ஒற்றைக்காலனுக்குத் தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் பேர் இருக்காது. அந்த வருஷம் பேர் வெட்டப்பட்டவர்களையெல்லாம் மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அழகம்மா பிறந்தது இதே லயத்தில்தான். இந்தியா என்பது அவளுக்கு அப்பா குடித்துவிட்டு அழும்போது சொல்லும் ஒரு பேர்.

ஆண்டியப்பன் போய்க் கேட்டபோது கங்காணி வண்டியைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. "ஓடுனா கொண்டு போ" என்றார். "நடுரோட்டுல அனாதையா விட்டுட்டு வந்தேன்னு வையி, மச்சானும் மாப்ளையும் சேந்தே கப்பலேறுங்க."

அழகம்மா காம்பிராவுக்கு ஓடினாள். காலுக்குப் பற்றுப்போட அரைத்த மஞ்சளில் பாதி அம்மியிலேயே இருந்தது. அதை வழித்து ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து எடுத்து வந்தாள்.

"இத வண்டிக்குள்ள ஊத்து. பனிக்கு மஞ்ச நெறம் இல்லல்ல?"

ஆண்டியப்பன் தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்தான். பிறகு தன் வேட்டியை உருவி வண்டிக்கு அடியில் விரித்துவிட்டு, கோவணத்தோடு நின்று எஞ்சினைச் சுற்றிவிட்டான். வண்டி இருமியது, குலுங்கியது, பிறகு ஓடியது. சற்றைக்கெல்லாம் வேட்டியில் ஒரு மஞ்சள் பொட்டு விழுந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

"அடப்பாவி, இங்கேயா இருக்க!"

முன்னாலிருக்கும் தண்ணிப்பெட்டியில் இல்லை ஓட்டை. தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பின் தண்டைச் சுற்றி அடைத்திருந்த கயிறு நைந்து போயிருந்தது. அவன் திருகாணியைக் கழற்றிப் பழைய கயிற்றைத் துணுக்குத் துணுக்காகக் குடைந்து எடுத்தான். அழகம்மா விளக்குத்திரி நூலைத் தொடையில் வைத்து முறுக்கி, ஆட்டுக்கொழுப்பைப் பூசிப் பூசிக் கொடுத்தாள். அவன் அதைத் தண்டில் சுற்றித் திருகாணியை முடுக்கினான். மறுபடி எஞ்சினை ஓடவிட்டு இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

மாயாண்டியைக் கம்பளியோடு தூக்கிப் பின் சீட்டில் சாய்த்தபோது காய்ச்சலில் அவன் கண்கள் பளபளத்தன.

"கங்காணி சீட்டுல குந்திட்டேன் புள்ள. கும்புடு போடு."

"வாய மூடிக்கிட்டு வாங்க."

"மச்சான், மெதுவாப் போங்க. தொரமாரு பாக்கட்டும்."

முதல் நாலு மைல் வண்டி நன்றாகத்தான் ஏறியது. ஆண்டியப்பன் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தான். ஏழாவது மைலில், ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்மூடியிலிருந்து ஆவி சீறியது. எஞ்சின் திக்கி நின்றது. அவன் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் போட்டான். துணியைச் சுற்றித் தண்ணிப்பெட்டியின் மூடியைத் திறந்தான்.

"தண்ணி நெறைய இருக்கு. கொதிக்குது. ஏன் கொதிக்குது?"

தண்ணிப்பெட்டியின் அடிக்குழாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் மஞ்சள் கலந்த கொழகொழப்பு ஒன்று வழிந்தது. அழகம்மா அதை விரலில் தொட்டு முகர்ந்தாள். அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் அது தெரியும்.

"இது கஞ்சிண்ணே."

அவன் கம்பியை மறுபடி குழாய்க்குள் விட்டான்.

"தெனம் காலைல ஆள்கணக்கு எடுக்குற பெரட்டுக்குப் போறப்ப எங்கிட்டக் கஞ்சித்தண்ணி வாங்கிட்டுப் போனியே. குடிக்கன்னுதான சொன்ன?"

"தண்ணிப்பெட்டியிலதான் ஓட்டன்னு நெனச்சேன் ஆத்தா. கஞ்சி ஊத்துனா அடச்சிக்கிரும்னு... கங்காணி பாக்குறதுக்கு முந்தி..." அவன் விரலில் ஒட்டியதை வேட்டியில் தேய்த்தான். "நல்லாத்தான் அடச்சிருக்கு. சந்து சந்தா."

"ஒனக்குப் பசின்னு நெனச்சேன். எங்க கஞ்சியக் கொறச்சிக்கிட்டு ஊத்துனேண்ணே."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பின்கதவைத் திறந்து கம்பளியை விலக்கினாள். மைக்கோட்டுக்கும் கருப்புக்கும் இடையில் ஒரு விரற்கடைதான் இருந்தது. மாயாண்டி இப்போது கேலி பேசவில்லை. அவளைப் பார்த்தான். அவள் கம்பளியை மூடினாள்.

"இன்னும் எத்தன மைலுண்ணே?"

"அஞ்சு. கூடவும் இருக்கும்."

"தூக்கு."

"வண்டிய விட்டுட்டா?"

"நான் நிக்கிறேன். அனாதையா விடக்கூடாதுன்னுதான சொன்னாரு? நான் நிக்கிறேன், போங்க."

"ஒத்தப் பொம்பள, இந்தப் பனியில..."

"நான் தூக்கினா அர மைல்லயே விழுந்துருவேன். நீ தூக்குண்ணே."

ஆண்டியப்பன் குனிந்து முதுகைக் காட்டினான். மாயாண்டியின் கைகளைப் பிடித்து அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டாள் அழகம்மா.

"ஒங்க இடுப்பு போயிரும் மச்சான்" என்றான் மாயாண்டி. குரல் தூக்கத்தில் வருவது போல் இருந்தது.

"பேசாம வாங்க மாப்ள."

அவர்கள் வளைவைத் திரும்பியதும் மூடுபனி இருவரையும் எடுத்துக்கொண்டது. சற்று நேரம் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அழகம்மா வண்டியின் முன்னால் வந்து, சூடாக இருந்த முன்மூடியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. பனி ஒரு கணம் கிழிந்தபோது, தலைக்கு நேர் மேலேயுள்ள பாதையில் அவர்கள் தெரிந்தார்கள். ஒரே உடம்பு போல, கூன் விழுந்த ஒரு பெரிய உருவம். மறுபடி மூடிக்கொண்டது. வெகுநேரம் கழித்து அதற்கும் மேலே, இன்னொரு வளைவில், விரலளவு கருப்பாக ஏதோ அசைந்தது. அது அவர்கள்தானா, பனியில் ஆடும் மரமா என்று தெரியவில்லை. அது நின்றது. நகருமா என்று அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளுக்கு அடியில் இரும்பு மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டு வந்தது.