தங்கியது எவ்வளவு

மருத்துவமனையில், உடம்பை அளக்கும் கேமராவின் முன் அவள் கைகளை இடுப்பில் ஊன்றி நின்றாள். இடுப்புக்கு மேலே துணியில்லை, அறை குளிர்ந்தது. கணினித் திரைக்குப் பின்னாலிருந்து அளவெடுக்கிற பெண், "தோளை இறக்குங்கக்கா. ஓடி ஒளியப் போற மாதிரி நிக்கிறீங்க" என்றாள்.

புற்றுக்காக எடுத்துவிட்ட இடது மார்பை, அவள் வயிற்றுக் கொழுப்பையே உறிஞ்சி ஊசியால் நிரப்பித் திரும்ப உண்டாக்கியிருந்தார்கள். வைத்ததெல்லாம் தங்காது, கொஞ்சம் கரையும். பாதிக்குக் கீழே போனால் இன்னொரு அறுவை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இன்னொன்று என்ற சொல்லே அவள் தூக்கத்தைக் கெடுத்தது. மயக்கம் தெளிந்ததும், தன் உடம்பில் எது போயிற்று, எது வந்தது என்று கையால் தடவித் தேடிய அந்தக் காலையை மறுபடி அவளால் வாழ முடியாது.

ஆகவே சாப்பிட்டாள். வயிற்றுக் கொழுப்பை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பழைய புத்தி போகாது, வயிறு பெருத்தால் அதுவும் பெருக்கும் என்று காத்திருப்பு அறையில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். பசியில்லாமல், ருசியில்லாமல், மருந்து விழுங்குவதுபோலத் தின்றாள். அதைக் கண்டுபிடித்தவள் அவளுடைய சொந்த அக்காதான். "பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற மாதிரி திங்கிறியேடி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டை நிரப்பவும் செய்தாள்.

திரையில் அவள் உடம்பு சாம்பல் நிற மேடுபள்ளமாகச் சுழன்றது.

"எழுபது சதவீதத்துக்கு மேல நின்னிருக்கு!" என்ற பெண், முகம் சுருங்கக் குனிந்து பார்த்தாள். "ஆனா வலது பக்கமும் கூடியிருக்கேக்கா. அதுல நாங்க கையே வைக்கலையே."

துணைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா கூரையைப் பார்த்தாள்.

"எடை ஏறிடுச்சா?"

"நல்லா சாப்பிட்டா, அவ்வளவுதான். அதுவும் குத்தமா?" என்றாள் அக்கா.

"குத்தமில்லம்மா. எது தங்கினது, எது தின்னதுன்னு என்னால பிரிக்க முடியலை. பழைய எடைக்கு வரட்டும், திரும்ப அளப்போம். இன்னிக்கு அளவு கணக்குல சேராது."

மறைப்புத் துணிக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாட்டினாள். இளைத்தால் எது முதலில் போகும் என்று கேட்டிருக்கலாம். நடுப் பொத்தான் துளையை எட்டவில்லை, இழுத்தாள். மார்பை எடுத்த பிறகு எந்தச் சட்டையும் ஒரு பக்கம் தொளதொளவென்றுதான் கிடந்தது. இன்று இரண்டு பக்கமும் ஒன்றுபோல் முரண்டு பிடித்தன.

"என்னடி, ஆச்சா?" என்றாள் அக்கா வெளியிலிருந்து.

ஒரு கையில் பொத்தானும் மறு கையில் துளையுமாக, கண்ணாடியில்லாத அந்தச் சுவரைப் பார்த்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள்.